கேள்வி பதில்: எண்ணெய் எப்போது தீரும்?

கே: இன்னும் முப்பதே வருஷத்தில் பெட்ரோல் தீர்ந்துவிடும் என்று பள்ளியில் படித்தேன். அந்த முப்பது வருஷம் போய்விட்டது, பெட்ரோல் போகவில்லை. புளுகா அது?

புளுகு இல்லை, தப்பான கணக்கு. கையிருப்பு என்று சொல்வது பூமிக்கு அடியில் இருக்கும் மொத்த எண்ணெயை அல்ல. இன்றைய விலைக்கு, இன்றைய தொழில்நுட்பத்தில் எடுத்தால் கட்டுபடியாகும் அளவை மட்டும்தான். விலை ஏறினால் அந்த எண்ணும் ஏறும். அதை வருஷச் செலவால் வகுத்து 'இத்தனை வருஷம்' என்று பாடப் புத்தகத்தில் போட்டுவிட்டார்கள்.

கடைசிச் சொட்டு வரை யாரும் உறிஞ்சப் போவதில்லை. நாம் பார்க்க வேண்டியது, ஒரு நாளைக்கு எவ்வளவு வெளியே வருகிறது என்பதை. உலகம் தினமும் சுமார் 10 கோடி பேரல் செலவழிக்கிறது. ஒரு பேரல் 159 லிட்டர். எண்ணெய் எடுக்கும் வயல் புதிதாக இருக்கும்போது உள்ளே இருக்கும் அழுத்தமே எண்ணெயை மேலே தள்ளும், அப்புறம் தண்ணீரையோ வாயுவையோ உள்ளே செலுத்தித் தள்ள வேண்டும், அதற்கும் அப்புறம் எண்ணெயைவிடத் தண்ணீர்தான் அதிகமாக வரும். மெக்சிகோவின் காண்டரெல் வயல் 2004-ல் தினம் சுமார் 21 லட்சம் பேரல் கொடுத்தது. நைட்ரஜனைச் செலுத்தி உச்சத்துக்குக் கொண்டுபோயிருந்தார்கள். ஐந்தே வருஷத்தில் அது மூன்றில் ஒரு பங்காகச் சரிந்தது. உள்ளே இன்னமும் எண்ணெய் இருந்தது, வரும் வேகம்தான் போய்விட்டது.

கே: எண்ணெய் உற்பத்தி ஒரு கட்டத்தில் 'உச்சம்' தொட்டுப் பிறகு இறங்கும் என்று பேசிய ஹப்பர்ட் கடைசியில் தோற்றுத்தானே போனார்?

பாதி தோற்றார். ஷெல் எண்ணெய் நிறுவனத்தில் நிலவியலாளராக இருந்த அவர் 1956-ல், அமெரிக்காவின் எண்ணெய் உற்பத்தி 1965-க்கும் 1970-க்கும் நடுவில் உச்சம் தொடும் என்றார். 1970-ல் தொட்டது. 2008 வாக்கில் கிட்டத்தட்ட பாதியாக இறங்கியது. அப்புறம்தான் எண்ணெய் சிக்கிக் கிடக்கும் ஷேல் என்ற பாறையை உடைத்து எடுக்கும் முறை பரவி, 2018-ல் பழைய சாதனையே முறிந்தது. உலகம் முழுவதற்கும் 2000-ஐ ஒட்டி உச்சம் வரும் என்று அவர் சொன்ன கணக்கும் அப்படியே பலிக்கவில்லை.

ஆனால் சர்வதேச எரிசக்தி முகமை 2010-ல் என்ன சொன்னது தெரியுமா? சாதாரணக் கிணறுகளில் வரும் வழக்கமான கச்சா எண்ணெய் 2006-லேயே உச்சத்தைத் தொட்டிருக்க வேண்டும் என்றது. அதற்குப் பிறகு வந்த வளர்ச்சியில் பெரும்பகுதி ஷேல் போன்ற, செலவு பிடிக்கும் சரக்குதான். ஷேல் கிணற்றில் முதல் வருஷத்திலேயே உற்பத்தி பாதிக்கு மேல் விழுவது சகஜம். தோண்டிக்கொண்டே இருந்தால்தான் அளவு நிற்கும்.

கே: மின்சார வண்டி பெருகுகிறது, தேவையே குறையப் போகிறது என்கிறார்கள். பிறகு எதற்குத் தயாராக வேண்டும்?

தேவை முதலில் குறைந்தாலும் சரி, வரத்து முதலில் குறைந்தாலும் சரி, நடுவில் விலை ஆடும். 2008 ஜூலையில் பேரல் 147 டாலர், அதே டிசம்பரில் 40-க்குக் கீழே. 2020 ஏப்ரலில் அமெரிக்கச் சந்தையில் ஒரு நாள் பூஜ்யத்துக்கும் கீழே போனது. இறக்குமதி செய்யும் நாட்டின் பட்ஜெட்டை எதை நம்பிப் போடுவது?

கே: உங்களை ஒரு நாட்டுக்கு நிதியமைச்சர் ஆக்கினால் முதலில் என்ன செய்வீர்கள்?

எண்ணெய் மலிவாக இருக்கும் வருஷத்தில் வரியை ஏற்றுவேன், அடுத்த தேர்தலில் தோற்பேன். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. டென்மார்க் 1973-ல் தன் எரிசக்தியில் 90 சதவீதத்துக்கு மேல் இறக்குமதி எண்ணெயை நம்பியிருந்தது. அரபு நாடுகள் கையை விரித்ததும் ஞாயிற்றுக்கிழமைகளில் கார் ஓட்டத் தடை போட்டார்கள். தடை கொஞ்ச நாள்தான். 1986-ல் விலை சரிந்தபோது, அந்தச் சரிவு மக்கள் கைக்குப் போகாதபடி எரிசக்தி வரியை உயர்த்தினார்களே, பெரிய விஷயம் அதுதான். ஒரே இடத்தில் வெந்நீர் காய்ச்சிக் குழாய் வழியாக வீடுகளைச் சூடாக்குவது, காற்றாலை என்று பல பத்தாண்டுகள் விடாமல் செய்தார்கள்.

ஏன் இவ்வளவு முன்கூட்டியே? வாங்கிய வண்டி பதினைந்து வருஷம் ஓடும், கட்டிய கட்டடம் ஐம்பது வருஷம் நிற்கும், அவசரம் என்பதற்காக யாரும் அதை உடைத்துப் போட மாட்டார்கள். அமெரிக்க எரிசக்தித் துறைக்காக ராபர்ட் ஹிர்ஷ் குழு 2005-ல் எழுதிய அறிக்கையும் இதையேதான் சொல்கிறது: உச்சத்துக்கு இருபது வருஷம் முன்னால் முழுமூச்சாகத் தொடங்கினால் தட்டுப்பாட்டைத் தவிர்க்கலாம், உச்சம் வந்த பிறகு தொடங்கினால் இருபது வருஷத்துக்கு மேல் திண்டாட்டம்.

இன்னொன்று, சூரிய மின்தகடு வைத்துவிட்டால் எண்ணெய்ப் பிரச்சினை தீர்ந்தது என்று நினைப்பவர்கள் நிறையப் பேர். பல நாடுகளில் எண்ணெயை எரித்து மின்சாரம் எடுப்பதே மிகக் குறைவு. பிரான்ஸ் 1974-ல் திட்டம் போட்டு ஐம்பதுக்கு மேல் அணு உலைகள் கட்டியது, ஆனாலும் அதன் கார்களும் லாரிகளும் எண்ணெயில்தான் ஓடிக்கொண்டிருந்தன. ரயில், பஸ், சிறு வண்டிகள் மின்சாரத்துக்கு மாறினால்தான் அந்தத் தகடு டீசலைக் குறைக்கும். விமானமும் கப்பலும் லேசில் மாறாது. உரம் வேறு கதை, அது இயற்கை எரிவாயுவை நம்பி நிற்கிறது.

மானியத்தையும் தொட வேண்டும். எண்ணெய் ஏற்றுமதி செய்துகொண்டிருந்த இந்தோனேசியா 2004 வாக்கில் நிகர இறக்குமதியாளராகிவிட்டது. 2005-ல் விலையை ஏற்றியபோது ஏழைக் குடும்பங்களுக்கு நேரடியாகப் பணம் கொடுத்தது. பணத்தைக் கையில் கொடுக்காமல் விலையை மட்டும் ஏற்றும் அரசு தெருவில் கல்லடி வாங்கும், வாங்கத்தான் வேண்டும்.

அப்புறம் யாரும் பேசாத ஓட்டை ஒன்று: பெட்ரோல் விற்பனை குறைந்தால் பெட்ரோல் வரியும் குறையும். சாலை போடவும் சம்பளம் கொடுக்கவும் அந்தப் பணத்தை நம்பியிருக்கும் அரசுகள், ஓடும் தூரத்துக்கோ வண்டியின் எடைக்கோ வரி போடுவதை இப்போதே யோசிக்க வேண்டும்.

கே: பெட்ரோலுக்குப் பதில் எத்தனால் போதாதா?

பிரேசில் 1975 முதல் ஓட்டுகிறது, காரணம் கரும்பு. சக்கையையே எரித்து ஆலையை நடத்திக்கொள்ளலாம். மக்காச்சோளத்தில் எடுத்தால் உரத்துக்கும் காய்ச்சி வடிக்கவும் நிறைய எரிபொருள் உள்ளே போகிறது, மிச்சம் கொஞ்சம்தான். உலகத்து வண்டிக்கெல்லாம் ஊற்ற நிலத்துக்கு எங்கே போவது?

கே: தனி மனிதனாக நான் என்ன செய்யலாம்? கொஞ்சம் பெட்ரோல் வாங்கி வைக்கலாமா?

வேண்டவே வேண்டாம். தீப்பிடிக்கும், அதோடு சில மாதங்களில் தரமும் கெட்டுப்போகும். ரேஷன் வந்தால் அரசு பார்த்துக்கொள்ளும்; பிரிட்டன் 1973-ல் கூப்பன் புத்தகம்கூடக் கொடுத்துவிட்டது, கடைசியில் அதைப் பயன்படுத்தவே தேவைப்படவில்லை. அடுத்து வீடு மாறும்போது வேலைக்குப் பக்கத்திலோ, பஸ், ரயில் இருக்கும் இடத்திலோ பாருங்கள். எந்த வண்டி வாங்குவது என்பதை அதற்கப்புறம் யோசிக்கலாம்.