வாசகர் கேள்வி-பதில்: இரண்டாம் பாகத்தில் ரத்தம் கூடியது, பயம் ஏன் குறைந்தது?

கேள்வி: 1978இல் வெளியான 'ஹாலோவீன்' என்ற அமெரிக்கத் திகில் படத்தையும் 1981இல் வந்த அதன் இரண்டாம் பாகத்தையும் அடுத்தடுத்துப் பார்த்தேன். கதை அதே இரவில் தொடர்கிறது. முக்கிய நடிகர்களும் ஒளிப்பதிவாளரும் அவர்களேதான். ஆனாலும் முதல் படம் தந்த நடுக்கத்தை இரண்டாவது தரவில்லை. தயாரிப்பில் என்ன நடந்தது?

பதில்: உங்கள் கணிப்பு சரியானது. அதற்கான காரணம் அந்த இரண்டு படங்களுக்கும் இடையே உள்ள மூன்று ஆண்டுகளில் இருக்கிறது. இயக்குநர் ஜான் கார்பென்டர் முதல் படத்தை ஏறத்தாழ 3,25,000 டாலரில், கலிபோர்னியாவில், வசந்த காலத்தில் எடுத்து முடித்தார். கதை நடப்பதோ அக்டோபர் மாதம் என்பதால், இலைகளுக்குப் பழுப்பு வண்ணம் பூசித் தெருவில் பரப்பி, காட்சி முடிந்ததும் அவற்றையே வாரியெடுத்து அடுத்த காட்சிக்குப் பயன்படுத்தினார்கள். அப்படிச் சிக்கனமாக எடுக்கப்பட்ட படம் அமெரிக்காவில் மட்டும் 4.7 கோடி டாலர் வசூலித்தது. அந்த வெற்றியைப் பார்த்துப் பலரும் அதே பாதையில் இறங்கினார்கள். 1980இல் வந்த 'ஃப்ரைடே தி தேர்ட்டீந்த்' ஒப்பனைக் கலைஞரின் கைவண்ணத்தில் கொலைகளை மிக அருகில் காட்டிப் பெரும் பணம் ஈட்டியது. ஆகவே 1981இல் இரண்டாம் பாகம் 25 லட்சம் டாலர் செலவில் தயாரானபோது, கார்பென்டர் தம்மைப் பின்பற்றி வந்தவர்களோடு தாமே போட்டியிட வேண்டிய நிலையில் இருந்தார்.

மறுபடியும் அதே படத்தை இயக்க அவருக்கு விருப்பமில்லை. முதல் படத்தையும் தம்முடன் எழுதிய டெப்ரா ஹில்லுடன் சேர்ந்து திரைக்கதையை எழுதிவிட்டு, இயக்கும் பொறுப்பை ரிக் ரோசென்தால் என்ற புதியவரிடம் ஒப்படைத்தார். ரோசென்தால் முதல் படத்தின் நடையையே பின்பற்ற விரும்பினார்: நிழல், காத்திருப்பு, திரையின் ஓரத்தில் அசையும் உருவம். அவர் தொகுத்துத் தந்த படத்தைப் பார்த்த கார்பென்டர், அன்றைய ரசிகர்களுக்கு இது போதாது என்று கருதி, ரத்தம் சிந்தும் காட்சிகள் சிலவற்றைக் கூடுதலாகப் படமாக்கிச் சேர்த்தார். தாம் பொறுமையாகக் கட்டிய வேகம் கெட்டுவிட்டது என்று ரோசென்தால் பின்னாளில் வருந்தினார். நான் அவர் பக்கமே நிற்கிறேன்.

ஏன் என்பதை இரண்டு காட்சிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் விளங்கும். முதல் படத்தில் கதாநாயகி லாரி தோழிகளின் உடல்களைக் கண்டு கதறிவிட்டு, ஓர் இருண்ட அறையின் வாசலருகே சுவரில் சாய்ந்து நிற்கிறாள். அவளுக்குப் பின்னால் முழு இருட்டு. அந்த இருட்டுக்குள் கொலையாளி மைக்கேல் மயர்ஸின் வெள்ளை முகமூடி மெல்ல மெல்லத் துலங்குகிறது. ஒளிப்பதிவாளர் டீன் கண்டி முகமூடியின் அருகே ஒரு சிறிய விளக்கை வைத்து, அதன் ஒளியைப் படிப்படியாகக் கூட்டியதுதான் அந்த மாயத்தின் மொத்தச் செலவு. அவன் எப்போது வந்தான் என்பதைவிட, அவன் முதலிலிருந்தே அங்கே நின்றிருக்கிறான் என்ற எண்ணம்தான் நம் வயிற்றைக் கலக்குகிறது. மருத்துவமனையில் நடக்கும் இரண்டாம் பாகத்திலும் ஏறத்தாழ இதே அமைப்பு உண்டு: கண்ணில் ஊசி செருகப்பட்டு இறந்துகிடக்கும் மருத்துவரைக் கண்டு செவிலி உறைந்து நிற்க, அவளுக்குப் பின்னால் இருளிலிருந்து முகமூடி வெளிப்படுகிறது. அந்தக் கணம் வரை காட்சி அற்புதமானது. அடுத்து அவள் நெற்றிப்பொட்டில் ஊசி இறங்குவதைக் கேமரா அருகில் சென்று காட்டியதும், நம் மனம் பயத்திலிருந்து அருவருப்புக்கு மாறிவிடுகிறது. அருவருப்பு கண்ணை மூடிக்கொண்டால் தீர்ந்துவிடும். பயம் அப்படித் தீர்வதில்லை.

இதைவிடப் பெரிய பிழை ஒன்றும் உண்டு. முதல் படத்தில் மைக்கேல் மயர்ஸ் லாரியைத் துரத்துவதற்கு எந்தக் காரணமும் இல்லை. அவள் அவனுடைய பழைய வீட்டு வாசலுக்கு வந்தாள், அவன் பார்த்தான், அவ்வளவுதான். இரண்டாம் பாகம் அவளை அவனுடைய தங்கையாக்கியது. முதல் படத்தை என்பிசி தொலைக்காட்சி ஒளிபரப்புவதற்காகக் கூடுதல் காட்சிகள் தேவைப்பட்டபோது, இரண்டாம் பாகத்தின் படப்பிடிப்போடு சேர்த்தே அவற்றையும் எடுத்தார்கள். அவற்றில் ஒன்றில், மனநல மருத்துவமனையிலிருந்து மைக்கேல் தப்பிய பின் அவனுடைய அறைக்கதவில் 'தங்கை' என்ற சொல் கீறப்பட்டிருப்பதை அவனுக்குச் சிகிச்சை அளித்த டாக்டர் லூமிஸ் காண்கிறார். அதாவது, இரண்டாம் பாகத்துக்காகக் கண்டுபிடித்த உறவை முதல் படத்துக்குள்ளும் கொண்டுபோய் வைத்தார்கள். காரணம் தெரிந்துவிட்டால், அந்தக் குடும்பத்தைச் சேராத எவரும் நிம்மதியாக உறங்கலாம். முதல் படம் அந்த நிம்மதியை யாருக்கும் விட்டுவைக்கவில்லை.

கேள்வி: இரண்டு படங்களிலும் ஒரே முகமூடிதானா? இரண்டாவதில் கொலையாளியின் முகம் வேறாகத் தெரிகிறதே?

பதில்: முகமூடி ஒன்றுதான், அணிந்தவர் வேறு. கடையில் இரண்டு டாலருக்கும் குறைவாக வாங்கிய, 'ஸ்டார் ட்ரெக்' தொடரின் கேப்டன் கிர்க் முகமூடிக்கு வெள்ளை வண்ணம் அடித்து, கண் துளைகளைப் பெரிதாக்கி முதல் படத்துக்குத் தயாரித்தார்கள். அப்போது அதை அணிந்து நடந்தவர் நிக் கேஸில். இரண்டாம் பாகத்தில் சண்டைக் கலைஞர் டிக் வார்லாக் அணிந்தார். இடைப்பட்ட ஆண்டுகளில் ரப்பர் பழசாகி வண்ணம் மஞ்சளாகிவிட்டது. வேறொரு தலைக்கு மேல் இழுத்துப் போட்டதில் கன்னங்களும் அகன்று தெரிந்தன. லாரியாக நடித்த ஜேமி லீ கர்டிஸின் தலைமுடியும் அந்தப் படத்தில் அவருடையதன்று. இடையில் குட்டையாக வெட்டிக்கொண்டிருந்ததால், அதே இரவு என்று காட்டுவதற்காக ஒட்டுமுடி வைத்துக்கொண்டு நடித்தார்.

கேள்வி: இத்தகைய தொடர்கொலைத் திகில் படங்களின் (ஸ்லாஷர்) அடுத்த பாகங்கள் வெளியீட்டுத் தேதியை ஏன் அவ்வளவு பிடிவாதமாகக் காக்கின்றன?

பதில்: இந்த வகைப் படங்களில் பல சமயம் தேதிதான் முதலில் முடிவாகிறது, கதை அதற்குப் பின்னால் ஓடி வருகிறது. 'ஹாலோவீன் 2' 1981 அக்டோபர் 30 அன்று, ஹாலோவீன் பண்டிகைக்கு முந்தைய நாள் வெளியானது. 2020 அக்டோபரில் வரவேண்டிய 'ஹாலோவீன் கில்ஸ்' பெருந்தொற்றால் தள்ளிப்போனபோது, தயாரிப்பாளர்கள் அதைச் சில மாதங்கள் மட்டும் தள்ளாமல், முழுதாக ஓர் ஆண்டு காத்திருந்து 2021 அக்டோபர் 15 அன்று வெளியிட்டார்கள். தேதியின் அவசரம் எழுத்தாளரை நெருக்குவதுதான் எனக்குக் கவலை தருகிறது. முதல் 'ஸ்க்ரீம்' 1996 டிசம்பர் 20 அன்றும், இரண்டாவது 1997 டிசம்பர் 12 அன்றும் வெளியாயின. ஓராண்டு கூட நிறைவடையவில்லை. அதற்குள் திரைக்கதையின் ஒரு வடிவம் இணையத்தில் கசிந்துவிட, கெவின் வில்லியம்சன் பல பகுதிகளை மாற்றி எழுதினார். கொலையாளி யார் என்று சொல்லும் கடைசிப் பக்கங்கள் நடிகர்களிடமிருந்தே மறைத்து வைக்கப்பட்டன. அத்தனை நெருக்கடியிலும் அந்தப் படம் நன்றாக அமைந்ததற்கு இயக்குநர் வெஸ் க்ரேவனின் நிதானம்தான் காரணம் என்பேன்.

கேள்வி: முன்பெல்லாம் தணிக்கையில் வெட்டு வாங்கிய இத்தகைய படங்கள் இப்போது தரச்சான்றே இல்லாமல் வெளியாகின்றனவே, எப்படி?

பதில்: அமெரிக்காவில் தரச்சான்று என்பது அரசின் கட்டாயம் அன்று, திரைத்துறையே தனக்குத்தானே வைத்துக்கொண்ட ஏற்பாடு. ஆனால் 1980களில் எக்ஸ் (வயது வந்தோருக்கு மட்டும்) சான்று பெற்ற படத்துக்குப் பல செய்தித்தாள்கள் விளம்பரம் வெளியிட மறுத்தன, பல திரையரங்குகள் இடம்தர மறுத்தன. எனவே பெரிய நிறுவனங்கள் ஆர் (சிறுவர் பெரியவர் துணையோடு பார்க்கலாம்) சான்றுக்காக எதையும் வெட்டத் தயாராக இருந்தன. 1981இல் வந்த 'ஃப்ரைடே தி தேர்ட்டீந்த்' இரண்டாம் பாகத்திலிருந்து ஏறத்தாழ 48 நொடிகள் வெட்டப்பட்டன. கொலைக் காட்சிகள் திடீரென அறுந்து முடிவது போலத் தோன்றுவது அதனால்தான். இன்று படத்தைப் பற்றிய செய்தி செய்தித்தாளை நம்பி இல்லை. ரசிகர்களிடம் நிதி திரட்டி டேமியன் லியோன் எடுத்த 'டெரிஃபையர் 2', 138 நிமிட நீளத்தோடு 2022இல் தரச்சான்று இல்லாமலே திரைக்கு வந்து ஒன்றரைக் கோடி டாலர் அளவுக்கு வசூலித்தது. 2024 அக்டோபர் 11 அன்று வந்த மூன்றாம் பாகத்துக்கு ஆன செலவு சுமார் 20 லட்சம் டாலர். உலக வசூல் 9 கோடி டாலர் அளவைத் தொட்டது. அந்தப் படங்களின் கொடூரத்தை என்னால் ரசிக்க முடியவில்லை. ஆயினும், தான் எடுத்ததை யாரும் வெட்டாமல் அப்படியே காட்டும் உரிமை ஒரு சிறு குழுவுக்குக் கிடைத்திருப்பதை மனதார வரவேற்கிறேன்.

கேள்வி: ஹாலோவீன் வரிசையை இப்போதுதான் தொடங்கப்போகிறேன். எந்த வரிசையில் பார்க்கலாம்?

பதில்: 1978 படத்தைப் பார்த்துவிட்டு நேரே 2018இல் டேவிட் கார்டன் கிரீன் இயக்கிய படத்துக்குப் போங்கள். அது இடைப்பட்ட எல்லாப் பாகங்களையும் ஒதுக்கிவிட்டு, நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகு முதல் படத்திலிருந்து மட்டுமே தொடர்கிறது. மைக்கேல் லாரியின் அண்ணன்தானே என்று ஒருவன் கேட்கும்போது, அது யாரோ கட்டிவிட்ட கதை என்று லாரியின் பேத்தி மறுக்கும் இடத்தைக் கவனியுங்கள். 37 ஆண்டுகள் நீடித்த ஒரு பிழையை ஒரே வசனத்தில் திருத்தியிருக்கிறார்கள். 1981 படத்தை அதற்குப் பிறகு, தனியாக ஓர் இரவில் பாருங்கள். கதைக்காக அல்ல, டீன் கண்டி படம்பிடித்த அந்த ஆளற்ற மருத்துவமனைத் தாழ்வாரங்களுக்காக. அவற்றில் ஒன்றின் கோடியில் செவிலி ஒருத்தி தரையிலிருந்து தூக்கப்பட, அவளுடைய காலணிகள் கழன்று விழும் காட்சி, ரோசென்தால் எடுக்க நினைத்த படம் எப்படி இருந்திருக்கும் என்பதை உங்களுக்குக் காட்டிவிடும்.