பங்குனி வந்தாச்சு, மாடித் தோட்டத்தை வெட்டி விடலாமா?

கேள்வி: திருச்சியில் என் அம்மா மாடியில் 16 தொட்டி வைத்திருக்கிறார். ஆறு ரோஜா, நான்கு குண்டுமல்லி, மற்றவை செம்பருத்தியும் சாமந்தியும். ரோஜாவில் இரண்டு வெறும் குச்சியாக நிற்கின்றன. இன்னொன்று ஆள் உயரம் போய்விட்டது, ஆனால் பூ இல்லை. மல்லியில் இலை தளதளவென்று இருக்கிறது, மொட்டையே காணோம். போன கோடையில் கட்டிய பச்சை வலை இன்னும் அப்படியே இருக்கிறது. தெருவில் வரும் தோட்டக்காரர் ஒருவர், வெயிலுக்கு முன் எல்லாவற்றையும் அரை அடிக்கு வெட்டி, மண் மாற்றி, உரம் வைக்க 4,000 ரூபாய் கேட்கிறார். கொடுக்கலாமா? சித்திரை முதல் தேதி அம்மாவுக்குப் பிறந்தநாள். செடி பைத்தியத்துக்கு என்ன பரிசு வாங்குவது?

பதில்: கொடுக்காதீர்கள். அந்த 4,000 ரூபாய் உங்களிடமே இருக்கட்டும்.

கவாத்து, அதாவது செடியைக் கத்தரித்து விடுவது, என்றால் மொட்டையடிப்பது என்று நம் ஊரில் ஒரு நினைப்பு. வெட்டுப்பட்ட செடி, உள்ளே சேர்த்து வைத்ததைச் செலவழித்துத்தான் புதுத் துளிர் விடுகிறது. இப்போது வெட்டினால் அந்தத் துளிர் முற்றுவதற்குள் கத்திரி வெயில் வந்துவிடும். இலை நிழல் இல்லாத தண்டும் வெயிலில் வெந்து பட்டை வெடிக்கும். சமவெளியில் ரோஜாவுக்குக் கவாத்துக் காலம் ஐப்பசியிலிருந்து மார்கழி வரை. குண்டுமல்லிக்கு நவம்பர் கடைசி வாரம், தரையிலிருந்து ஏறக்குறைய ஒன்றரை அடி விட்டு. பிச்சிக்கும் முல்லைக்கும் டிசம்பர் கடைசியிலிருந்து ஜனவரிக்குள். அந்தக் காலமெல்லாம் தாண்டிவிட்டது, அடுத்த கார்த்திகையில் பார்த்துக்கொள்ளலாம். தோட்டக்காரருக்கும் இது தெரியாமல் இருக்காது. ஆனால் கார்த்திகையில் யாரும் கூப்பிடுவதில்லை; வெயில் அடிக்க ஆரம்பித்ததும்தான் நமக்கு மாடி ஞாபகம் வருகிறது.

மல்லிக்கு நோய் எதுவும் இல்லை. பச்சை வலை என்று நீங்களே காரணத்தை எழுதிவிட்டீர்கள். மல்லிக்கு முழு வெயில் வேண்டும். வலைக்கடியில் வைத்தால் இலைதான் கொடுக்கும். நான்கு தொட்டியையும் வெளியே கொண்டுவாருங்கள். ஒரே நாளில் வேண்டாம். முதல் மூன்று நாலு நாள் காலை வெயில் மட்டும் படட்டும், அப்புறம் திறந்த இடத்துக்கு மாற்றலாம். மல்லியில் மொட்டு வருவது புதுக் கிளையின் நுனியில். அதனால் கொடி மாதிரி நீண்டு வளைந்த கிளைகளை மட்டும் நுனியிலிருந்து ஒரு சாண் அளவு நறுக்கிவிடுங்கள். நுனி கிள்ளுவது வேறு, மொட்டையடிப்பது வேறு. இதைச் செடி தாங்கும். யூரியா போடும் பழக்கம் இருந்தால் நிறுத்துங்கள். ஐந்தாறு வாரத்தில் மொட்டு தெரிய வேண்டும். ஒவ்வொரு முறை பூத்து ஓய்ந்ததும் அதே நுனிகளைக் கிள்ளிவிட்டால் ஆடி வரை அம்மாவுக்குத் தலைக்குப் பூ வாங்க வேண்டியிருக்காது.

மல்லி இருந்த நிழலுக்குச் சாமந்தியை நகர்த்துங்கள். அது பகல் குறுகும் மாதங்களில் பூக்கிற செடி, கோடையில் பூக்கவில்லையே என்று அதை உரத்தால் அடிக்க வேண்டாம். அடியில் வரும் பக்கக் கன்றுகள் உயிரோடு இருந்தால் போதும்.

குச்சியாக நிற்கும் இரண்டு ரோஜாக்களையும் உடனே பிடுங்கிப் போட வேண்டாம். கட்டைவிரல் நகத்தால் தண்டை லேசாகச் சுரண்டிப் பாருங்கள். உள்ளே பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது. பழுப்பாக இருந்தால் ஒரு அங்குலம் கீழே சுரண்டுங்கள், பச்சை தெரியும் வரை இப்படியே இறங்குங்கள். பச்சை ஆரம்பிக்கும் இடத்துக்குச் சற்றுக் கீழே வெட்டி, காப்பர் ஆக்சிகுளோரைடு என்ற பூஞ்சைக்கொல்லித் தூளைத் தண்ணீரில் பசையாகக் குழைத்து வெட்டுவாயில் தடவுங்கள். அடிவரை பச்சையே இல்லையென்றால் ஆசையை விட்டுவிடுங்கள்.

ஆள் உயர ரோஜா விஷயத்தில் மட்டும் நான் இதுவரை சொன்னதற்கு நேர்மாறாகச் சொல்லப்போகிறேன், கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். கடையில் வாங்கும் கலர் ரோஜா பெரும்பாலும் ஒட்டுச் செடி. வேர் ஒரு ரகம், மேலே பூக்கிற கண் இன்னொரு ரகம். தொட்டி முன் உட்கார்ந்து, மண்ணிலிருந்து மூன்று நாலு விரல் உயரத்துக்குள் தண்டைப் பாருங்கள். முழங்கால் முட்டி மாதிரி ஒரு புடைப்பு தெரியும். பழைய பிளாஸ்டிக் நாடாவின் துணுக்குகூட அதில் ஒட்டியிருக்கலாம். இருந்தால் பிளேடால் கீறி எடுத்துவிடுங்கள், தண்டு பருக்கப் பருக்க அது இறுக்கும். அந்த முட்டிக்கு மேலே வருவதுதான் நீங்கள் காசு கொடுத்து வாங்கிய ரோஜா. கீழே வருவது வேர்ச் செடியின் கிளை. அதைக் கண்டுகொள்ளாமல் விட்டால் சத்து முழுவதையும் அது இழுத்துக்கொண்டு கிடுகிடுவென்று வளரும், மேலே இருக்கிற ஒட்டு பட்டினி கிடக்கும். உங்கள் அம்மா தோட்டத்தில் நடந்தது அநேகமாக இதுதான். ‘ஏழு இலை இருந்தால் காட்டு ரோஜா, ஐந்து இருந்தால் நல்ல ரோஜா’ என்று சொல்வார்கள், நம்பாதீர்கள். நல்ல ரகத்திலும் ஏழு வரும். எங்கிருந்து கிளம்புகிறது என்பதுதான் கணக்கு. முட்டிக்குக் கீழிருந்து வந்தால் மண்ணை விலக்கி, கிளம்பும் இடத்திலேயே பிய்த்து எடுங்கள். வெட்டினால் அடிக்கண்ணிலிருந்து மறுபடி வரும். இதற்குப் பங்குனி, கத்திரி என்று நாள் பார்க்க வேண்டாம், கண்ணில் பட்ட அன்றே செய்யலாம். முட்டிக்கு மேலே உயிருள்ள கிளை ஒன்றாவது இருக்கிறதா என்று மட்டும் முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். ஒன்றுமே இல்லையென்றால் வாங்கிய ரோஜா எப்போதோ போய்விட்டது, நிற்பது வேர்ச் செடி மட்டும். அது பன்னீர் ரோஜாவாக அமைந்தால் உங்கள் அதிர்ஷ்டம், அப்படியே வளர்க்கலாம்.

இனி மண். கோடை வாசலில் தொட்டி மண்ணைக் கொட்டி மாற்றினால், தண்ணீர் குடிக்கிற நுண்வேர்கள் அறுந்துபோகும். செடிக்குத் தாகம் அதிகமாக இருக்கும் நேரத்தில் வாயைக் கட்டுவது மாதிரி. மேல்மண்ணை இரண்டு அங்குலம் கிளறி எடுத்துவிட்டு, நன்றாக மக்கிய மண்புழு உரம் இரண்டு கை போட்டு, மேலே சருகைப் பரப்புங்கள், அது போதும். சருகைக் கூட்டி அள்ளி மாடியைப் பளிச்சென்று வைப்பதுதான் நாம் செய்கிற பெரிய தப்பு. அந்தச் சருகு மண்ணுக்குக் குடை.

மண் மாற்றும் வியாபாரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. நான் பார்த்த ஒரு வீட்டில், தொட்டியிலிருந்து எடுத்த பழைய மண் சாக்கில் ஏறி அடுத்த தெருவுக்குப் போய் அங்கே ‘புதுச் செம்மண்’ ஆகியிருந்தது. மண்புழு உரம் என்று கருப்பாக எதைக் கொடுத்தாலும் வாங்கிவிடுகிறோம். கண்ணாடி டம்ளர் தண்ணீரில் ஒரு பிடி போட்டுக் கலக்குங்கள். அடியில் மணலும் களியும் கனமாகப் படிந்தால் நீங்கள் வாங்கியது குளத்து மண். தள்ளுவண்டியில் பூவோடு வரும் ரோஜாவும் அப்படித்தான். வேரைச் சுற்றிக் களிமண்ணை உருண்டை பிடித்திருப்பார்கள். வெயிலில் அது செங்கல்லாக இறுகிவிடும், ஊற்றும் தண்ணீர் உள்ளே இறங்காது. பத்து நாளில் செடி போகும், ‘கைராசி இல்லை’ என்று அம்மா தன்னையே நொந்துகொள்வார். அப்படி ஒன்று ஏற்கெனவே வாங்கியிருந்தால், நடும் முன் உருண்டையை வாளித் தண்ணீரில் ஊறவைத்துக் களியை மெதுவாகக் கரைத்துவிடுங்கள்.

பத்து ரூபாய் பிஸ்கட் பாக்கெட்டில் தயாரித்த தேதி போட்டிருக்கிறார்கள். 250 ரூபாய் ரோஜாவில் ரகப் பெயர் கிடையாது, எந்த வேரில் ஒட்டியது என்று கிடையாது, கேட்டால் ‘பெங்களூர் ரோஸ்’ என்கிறார்கள். அது ஊர்ப் பெயர், ரகம் அல்ல. கையேடு போடுகிறவர்களாவது உதவுகிறார்களா என்றால், எல்லாம் ஏக்கர் கணக்கு. மல்லிச் செடிக்கு 10 கிலோ தொழுவுரம் என்பதைப் படித்துவிட்டு, ஒரு அடித் தொட்டிக்கு என்ன செய்வது என்று கேட்டவர்கள் எத்தனையோ பேர். வயலுக்குச் சொன்னதை மாடிக்கு மாற்றி எழுத ஆளில்லை போலிருக்கிறது.

தண்ணீர் விஷயத்தில் ஒன்றே ஒன்று. மாடியில் வெயிலில் கிடந்த ஓஸ் பைப்பில் முதலில் வருவது சுடுதண்ணீர். அதைக் கீழே விட்டுவிட்டு, கையில் பிடித்துப் பார்த்த பிறகு செடிக்குத் திருப்புங்கள். தொட்டிக்கு அடியில் இரண்டு செங்கல் வைத்துத் தளத்திலிருந்து தூக்கிவிடுவதும் நல்லது.

பரிசுக்கு வருவோம். சித்திரையில் செடி வாங்கித் தராதீர்கள். பூத்துக் குலுங்கும் பெட்டூனியாவை இப்போது நர்சரியில் மலிவாகத் தள்ளிவிடுவார்கள், அது பனிக்காலப் பூ, வெயிலில் நிற்காது. மல்லிப் பதியன் வாங்கலாம், ஆனால் ஆடிக்கு மேல். ராமேஸ்வரத்துக்கு அருகே உள்ள தங்கச்சிமடம் பக்கமிருந்து வரும் வேர்விட்ட நாற்றாகக் கேட்டு வாங்குங்கள். இணையத்தில் விற்கிற பரிசுப் பெட்டிகளில் துலிப் கிழங்கும் நீல ரோஜா விதையும் இருக்கும். துலிப்புக்குக் குளிர் வேண்டும், திருச்சிக்கு அது எங்கே போவது? நீல ரோஜா என்று ஒன்று விதையில் இல்லவே இல்லை. ஜப்பானில் சன்டோரி நிறுவனம் மரபணு மாற்றி 2009-இல் விற்பனைக்குக் கொண்டுவந்த ‘நீல’ ரோஜாவே பார்வைக்கு இளம் ஊதாதான். விதைதான் வேண்டுமென்றால் வாடாமல்லி, கோழிக்கொண்டை, ஜின்னியா வாங்குங்கள். மூன்றும் வெயிலைக் கண்டு பயப்படாதவை.

என் ஓட்டு ஒரு நல்ல கவாத்துக் கத்திரிக்கு. இரண்டு அலகும் கத்தரிக்கோல் மாதிரி ஒன்றையொன்று உரசிக் கடக்க வேண்டும். ஒரு அலகு தட்டையான பட்டையில் வந்து உட்காரும் வகை வேண்டாம், பச்சைத் தண்டை நசுக்கும். கடையிலேயே ஒரு தாளை நுனிவரை வெட்டிப் பாருங்கள். கடைசி அரை அங்குலம் மடங்கினால் வேறு கேளுங்கள். கூடவே நுண்துளைத் தலை உள்ள பூவாளி ஒன்று, அம்மா ஒரு கையில் தூக்கும் அளவில். வீட்டுக்கு வந்ததும் விலைச் சீட்டைக் கிழித்துவிடுங்கள். விலை தெரிந்தால் அந்தக் கத்திரி பீரோவுக்குள் போய்விடும், அம்மா பழையபடி அரிவாள்மனையோடு மாடிக்குப் போவார்.