அமுக்கரா அப்புறம், முதலில் மதியச் சாப்பாடு

கேள்வி: எனக்கு 39 வயது. ஈரோட்டில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறேன். மாதாமாதம் 11, 20 தேதி வந்தாலே ஜிஎஸ்டி தாக்கல் என்று உயிர் போகிறது. காலை ஐந்து மணிக்கு எழுந்து, தைராய்டு மாத்திரையைக் காபியோடு விழுங்கி, சமைத்துக் கட்டிக்கொண்டு 8.10 பஸ்ஸைப் பிடிப்பேன். மதியச் சாப்பாடு சில நாள் மூன்றரைக்கு, சில நாள் கிடையவே கிடையாது. நாலு மணிக்கு டீயும் பஜ்ஜியும்தான். கழிப்பறை சரியில்லாததால் ஆபீசில் தண்ணீரே குடிப்பதில்லை. பையன் பத்தாவது படிக்கிறான், மாமியாருக்கு முழங்கால் வலி. இரவு பதினொன்றரைக்குப் படுத்தால் இரண்டு மணிக்கு விழிப்பு வந்துவிடுகிறது. எதற்கெடுத்தாலும் எரிந்து விழுகிறேன். பஸ்ஸில் வரும்போது காரணமே இல்லாமல் அழுகை வருகிறது, அடக்கிக்கொள்கிறேன். தோழி அஸ்வகந்தா மாத்திரை சாப்பிடச் சொல்கிறாள். ரீல்ஸில் ஏழு நாள் சிரோதாரா பேக்கேஜ் பதினெட்டாயிரம் என்று வருகிறது. எதைச் செய்யட்டும்? ஸ்ட்ரெஸுக்கு ஆயுர்வேதத்தில் நிரந்தரத் தீர்வு உண்டா?
ஒரு வாசகி, ஈரோடு

பதில்: அன்புச் சகோதரிக்கு,

நீங்கள் கேட்டது அஸ்வகந்தாவையும் சிரோதாராவையும் பற்றி. என் கண் போய் நின்றதோ, போகிற போக்கில் நீங்கள் எழுதிவிட்ட ஒரு வரியில்: தைராய்டு மாத்திரையைக் காபியோடு விழுங்குகிறீர்கள். மாத்திரையை அல்ல, காபியோடு விழுங்குவதை முதலில் நிறுத்துங்கள். அந்த மாத்திரையை வெறும் வயிற்றில், வெறும் தண்ணீரில் போட வேண்டும். காபி அரை மணி நேரமாவது கழித்துத்தான், ஒரு மணி நேரம் என்றால் இன்னும் நல்லது. கூடவே காபி போனால் மருந்து உடம்பில் சரியாகச் சேராது. தைராய்டு குறைந்தால் அசதி, மனச்சோர்வு, எரிச்சல், அழுகை எல்லாம் வரும். நீங்கள் ஸ்ட்ரெஸ் என்று எழுதியிருப்பதில் எவ்வளவு ஸ்ட்ரெஸ், எவ்வளவு தைராய்டு என்று பார்க்காமல் எந்த வைத்தியத்தைத் தொடங்கினாலும் அது இருட்டில் கல் எறிவதுதான்.

ஆகவே இந்த வாரமே ரத்தப் பரிசோதனைக்குக் கொடுங்கள். தைராய்டு நிலையைக் காட்டும் டிஎஸ்ஹெச், அதோடு ஹீமோகுளோபின். தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிப் பேருக்கும் மேல் ரத்தசோகை என்று 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு சொல்கிறது. காபி விஷயத்தை உங்கள் டாக்டரிடமும் சொல்லிவிடுங்கள். மாத்திரை ஒழுங்காகச் சேர ஆரம்பித்த பிறகு அளவை மாற்ற வேண்டிவரலாம், ஆறேழு வாரம் கழித்து இன்னொரு முறை பார்ப்பார். ஆயுர்வேத வைத்தியர் ஏன் லேபுக்கு அனுப்புகிறார் என்று நினைக்காதீர்கள். நோய் என்ன என்று தெரிந்த பிறகுதான் மருந்து என்பது எங்கள் பாடத்திலும் உண்டு.

சரி, இனி ஆயுர்வேதம்.

ஸ்ட்ரெஸ் என்பதற்கு நேரான ஒரு சொல் பழைய நூல்களில் இல்லை. ஆனால் மனிதனை உலர்த்தி வற்ற வைக்கும் நோய்க்கு, பழைய ஆயுர்வேத ஆசான் சரகர் நான்கு காரணம் சொல்கிறார். சக்திக்கு மீறி உழைப்பது, இயற்கையான உந்துதல்களை அடக்குவது, உடம்பில் இருக்கும் சத்து குறைந்துபோவது, வேளை கெட்டுச் சாப்பிடுவது. உங்கள் கடிதத்தை எடுத்து இன்னொரு முறை படித்துப் பாருங்கள். மூன்று நிச்சயம், மிச்சமுள்ள சத்துக் குறைவை ஹீமோகுளோபின் ரிப்போர்ட் சொல்லும்.

இதில் நம்மில் பலருக்கும் புரியாதது இரண்டாவது. அதையே கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். அடக்கக் கூடாத வேகங்கள் என்று பதின்மூன்றை, இன்னொரு பழைய ஆசானான வாக்படர் தம் அஷ்டாங்க ஹிருதயம் என்ற நூலில் வரிசைப்படுத்துகிறார். நம் சித்த மருத்துவத்தில் பதினான்கு. சிறுநீர், மலம், தும்மல், கொட்டாவி எல்லாம் நீங்கள் எதிர்பார்ப்பதுதான். பசியும் தாகமும் தூக்கமும் அதே பட்டியலில் இருக்கின்றன. கண்ணீரும் இருக்கிறது. சிறுநீர், தாகம், பசி, தூக்கம், கண்ணீர் என்று ஒரே நாளில் ஐந்தை அடக்குகிறீர்கள். இரவு இரண்டு மணிக்கு விழிப்பு வராமல் என்ன செய்யும்?

அடக்க வேண்டியவை என்று வேறொரு பட்டியலும் உண்டு. பேராசை, பொறாமை, வெறுப்பு என்று போகும், சரகர் கோபத்தையும் சேர்ப்பார். நாம் அப்படியே தலைகீழ். சிறுநீரை அடக்கிக்கொண்டு கோபத்தை விடுகிறோம். அதற்காகக் கோபத்தை அடக்குங்கள் என்று உங்களுக்கு உபதேசம் செய்யப் போவதில்லை. மூன்றரை மணி வரை சாப்பிடாதவருக்குக் கோபம் வராவிட்டால்தான் ஆச்சரியம்.

கண்ணீரை அடக்கினால் தலைவலி, கழுத்துப் பிடிப்பு, நெஞ்சு வலி, தலைசுற்றல், வாய்க்கு ருசியில்லாமை எல்லாம் வரும் என்று எழுதிவிட்டு, அதற்கு வாக்படர் சொல்லும் சிகிச்சை மூன்று: தூக்கம், மது, மனதுக்குப் பிரியமான பேச்சு. நடுவில் இருப்பதை நான் சிபாரிசு செய்யவில்லை! மற்ற இரண்டும் காசில்லாதவை. பஸ்ஸில் அழுகை வந்தால் துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டு அழுதுவிடுங்கள். பக்கத்து சீட்டில் இருப்பவர் என்ன நினைத்தால் என்ன, அவர் பெருந்துறையில் இறங்கிப் போய்விடுவார்.

கழிப்பறை விஷயத்தை நீங்கள் தனியாகப் போய்க் கேட்கச் சங்கடப்படுவீர்கள். ஆபீசில் இன்னும் ஒன்றிரண்டு பெண்கள் இருப்பார்கள், சேர்ந்து போய் ஆடிட்டரிடம் சொல்லுங்கள். ஒரு தாழ்ப்பாள், ஒரு வாளி, வாரம் இரண்டு முறை கழுவ ஓர் ஆள். அவ்வளவுதான் செலவு. நாளெல்லாம் தண்ணீர் குடிக்காமல் சிறுநீர்த் தொற்றை வாங்கிக்கொண்டு அதற்கும் சேர்த்து மாத்திரை போடுவதைவிட இது சுலபம்.

அப்புறம் மதியச் சாப்பாடு. வெயில் உச்சிக்கு வரும் நேரத்தில்தான் வயிற்றிலும் அக்னி பலமாக இருக்கும் என்பது எங்கள் கணக்கு. ஒன்றரை மணிக்குள் டப்பாவைத் திறந்துவிடுங்கள். 20-ஆம் தேதியும்தான். போர்ட்டல் சுற்றிக்கொண்டே நிற்கும் அந்தப் பத்து நிமிடம் உங்களுக்கு எப்படியும் வீணாகத்தான் போகிறது. நேரம் தப்பிவிட்டது, பசி வந்து அடங்கியும்விட்டது என்றால் அதற்கு மேல் பஜ்ஜியைப் போடாதீர்கள். பசியை அடக்கியவருக்குக் கொடுக்க வேண்டியது லேசான, நெய்ப்பசை உள்ள, சூடான, கொஞ்சமான உணவு என்று நூலில் இருக்கிறது. நம் ஊர்க் கணக்கில் ஒரு ஃபிளாஸ்க்கில் குழைவான பாசிப்பருப்புக் கஞ்சி, மிளகு தட்டிப் போட்டு, ஒரு சொட்டு நெய் விட்டு. காலையில் குக்கரில் இன்னொரு கிண்ணம் வைப்பதுதான் வேலை.

இரண்டு மணிக்கு மேல் காபி, டீ வேண்டாம். வாக்படருக்குக் காபி தெரியாது, இது நான் சொல்வது. குடித்த காபியின் வீரியத்தில் பாதி இறங்கவே ஐந்து மணி நேரம் போல ஆகும். நாலு மணி டீ ஒன்பது மணிக்கும் உங்களுக்குள் உட்கார்ந்திருக்கும். மோர் குடியுங்கள்.

இனி எண்ணெய். தினமும் எண்ணெய் தேய்க்கச் சொல்கிற நூல், முடியாதவர்களுக்காகவோ என்னவோ, தலை, காது, பாதம் மூன்றையும் குறிப்பாகக் கவனிக்கச் சொல்கிறது. உங்களுக்குப் பாதம் போதும். இரவு படுக்கப் போகுமுன் இரண்டு தேக்கரண்டி செக்கு நல்லெண்ணெயை ஒரு சின்னக் கிண்ணத்தில் ஊற்றி, அந்தக் கிண்ணத்தை வெந்நீரில் வையுங்கள். அடுப்பில் நேராக வைக்க வேண்டாம். புறங்கையில் ஒரு சொட்டு விட்டால் இதமாக இருக்க வேண்டும், சுடக்கூடாது. கட்டிலில் பழைய வேட்டித் துணியை விரித்துக்கொண்டு உட்காருங்கள். கணுக்காலைச் சுற்றி வட்டமாக, குதிகாலில் பெருவிரலால் அழுத்தி, பாதத்தின் நடுப்பள்ளத்தில் மேலும் கீழுமாக, கடைசியில் ஒவ்வொரு விரலாகப் பிடித்து லேசாக இழுத்து விடுங்கள். காலுக்கு ஐந்து நிமிடம். நாள் முழுக்கச் செருப்பில் கிடந்த பாதத்தில் எந்த இடம் வலிக்கிறது என்பதே அப்போதுதான் உங்களுக்குத் தெரியும். பித்தவெடிப்பு இருந்தால் அதிலும் எண்ணெய் இறங்கட்டும். பிறகு நன்றாகத் துடைத்து, பழைய சாக்ஸ் ஒன்றைப் போட்டுக்கொள்ளுங்கள். டைல்ஸ் தரையில் எண்ணெய்க் காலோடு பாத்ரூமுக்கு நடந்து இடுப்பை உடைத்துக்கொண்டவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

இதில் பாதி வைத்தியம் எண்ணெயில் இல்லை என்பது என் சந்தேகம். இரண்டு கையும் எண்ணெயாக இருக்கும்போது போனைத் தொட முடியாது. மாமியாரும் பக்கத்தில் உட்கார்ந்து தன் முழங்காலுக்குத் தேய்த்துக்கொள்ளட்டும், நீங்கள் தேய்த்துவிட வேண்டாம், உங்களுக்கு வேலை போதும். பேச்சு தானாக வரும். அவருக்குச் சர்க்கரை இருந்து காலில் புண்ணும் இருந்தால் மட்டும் தவிர்க்கவும்.

வாரம் ஒரு முறை முழு எண்ணெய்க் குளியல். பெண்களுக்குச் செவ்வாய், வெள்ளி என்பது வழக்கம். உங்களுக்கு இரண்டும் வேலை நாள், ஞாயிற்றுக்கிழமை வைத்துக்கொள்ளுங்கள், சாமி கோபித்துக்கொள்ளாது. உச்சந்தலையில் தொடங்கி உடம்பெல்லாம் தேய்த்து, அரை மணி ஊறி, வடித்த கஞ்சியில் கரைத்த அரப்பு இலைத் தூளைப் போட்டு வெந்நீரில் குளியுங்கள். கொங்கு நாட்டுக்காரருக்கு அரப்பைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. சளி, காய்ச்சல், அஜீரணம் இருக்கும் வாரம் வேண்டாம். அன்றைக்கு மதியம் மிளகு ரசமும் சாதமும் போதும். பகலில் தூங்கிவிடாதீர்கள், கண் சொக்கும், எழுந்து நடங்கள். பகல் தூக்கத்தைச் சேமித்தால் இரவு கிடைக்கும்.

இரண்டு மணிக்கு விழிப்பு வந்தால் கடிகாரம் பார்க்க வேண்டாம். மூச்சை நான்கு எண்ணி இழுத்து ஆறு எண்ணி மெதுவாக விடுங்கள், பத்து முறை. இது யோகத்தின் சொத்து, நாங்கள் இரவல் வாங்கிக்கொண்டோம். படுக்குமுன் இளஞ்சூட்டுப் பாலில் ஒரு சிட்டிகை ஜாதிக்காய்த் தூள் சேர்க்கலாம். சிட்டிகைக்கு மேல் போனால் ஜாதிக்காய் நல்லதல்ல.

உங்கள் தோழி சொன்ன அஸ்வகந்தா நம் அமுக்கராக் கிழங்குதான். நானும் சிலருக்குக் கொடுப்பதுண்டு, பலருக்குத் தூக்கமும் தெம்பும் வருகிறது. உங்களுக்கு இப்போது வேண்டாம் என்பேன். அது தைராய்டு சுரப்பைக் கூட்டக்கூடியது. ஏற்கெனவே மாத்திரை எடுப்பவர் தானாக வாங்கிச் சாப்பிட்டால் கணக்கு குழம்பிவிடும். அரிதாகக் கல்லீரல் பாதிப்பும் வந்திருக்கிறது. டென்மார்க்கில் 2023-ல் தடையே போட்டார்கள். அது அதிகம்தான் என்பது என் கருத்து, ஆனால் இயற்கை மருந்து என்றால் பக்கவிளைவே இல்லை என்பதும் அதே அளவு அதிகம். ஆன்லைனில் எதையாவது வாங்குமுன் இதையும் நினைவில் வையுங்கள்: அமெரிக்காவின் பாஸ்டன் பகுதிக் கடைகளில் விற்ற 70 ஆயுர்வேதத் தயாரிப்புகளைச் சோதித்து 2004-ல் வெளியிட்டார்கள், 14-ல் ஈயம், பாதரசம், ஆர்செனிக் போன்ற உலோகங்கள் இருந்தன. டிஎஸ்ஹெச் சரியான பிறகும் தேவைப்பட்டால் ஒரு வைத்தியரை நேரில் பாருங்கள், அவரிடம் எல்லா மாத்திரைகளையும் எடுத்துக் காட்டுங்கள்.

சிரோதாரா நல்ல சிகிச்சை. நெற்றியில் இளஞ்சூட்டு எண்ணெய் முக்கால் மணி நேரம் ஒழுகினால் யாருக்கும் கண் சொக்கும். ஆனால் முறைப்படி செய்தால் அந்த நாட்களில் ஓய்வும் பத்தியமும் உண்டு, முடிந்த பிறகும் சில நாள் உண்டு. காலையில் தாரா, பத்து மணிக்கு ஸ்கூட்டியில் ஆபீஸ் என்று வந்த ஒருவரைப் பார்த்திருக்கிறேன். மூன்றாம் நாள் தலைபாரம், சளி, பணமும் போயிற்று. ஏழு நாள் லீவு உங்களுக்குக் கிடைக்குமென்றால், முதலில் அந்த ஏழு நாளும் தூங்குங்கள். வைத்தியனுக்குக் கொடுப்பதை வாணியனுக்குக் கொடு என்பார்கள், வாணியன் என்றால் செக்கில் எண்ணெய் ஆட்டுபவர். வைத்தியம் பார்க்கிற நானே சொல்கிறேன், பதினெட்டாயிரத்துக்கு எத்தனை லிட்டர் செக்கு எண்ணெய் வரும் என்று பாருங்கள்.

நிரந்தரத் தீர்வு கேட்டீர்கள். ஜிஎஸ்டி தேதியை ஆயுர்வேதம் மாற்றாது. மதியச் சாப்பாடு, தண்ணீர், இரவுப் பாதம், இந்த மூன்றை மட்டும் ஒரு மாதம் செய்யுங்கள், அடுத்த 20-ஆம் தேதி எப்படிப் போகிறது பார்ப்போம்.

அழுகை இரண்டு வாரத்துக்கு மேல் தினமும் நீடித்தாலோ, எதிலும் பிடிப்பு விட்டுப்போனாலோ, வாழ்ந்து என்ன என்ற நினைப்பு தலைகாட்டினாலோ எண்ணெயை வைத்துக்கொண்டு காத்திருக்காதீர்கள். மனநல மருத்துவரைப் பாருங்கள். 14416 என்ற அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண்ணை எந்த நேரத்திலும் அழைக்கலாம், தமிழிலேயே பேசுவார்கள், கட்டணம் கிடையாது.

கால் துடைத்த துணியை மட்டும் மற்றத் துணிகளோடு வாஷிங் மெஷினில் போட்டுவிடாதீர்கள். எங்கள் வீட்டில் அப்படிப் போட்டதில் வெள்ளை யூனிஃபார்ம் ஒரு வாரம் நல்லெண்ணெய் மணத்தது. வெந்நீரில் சவுக்காரம் போட்டுத் தனியாக அலசுங்கள்.