எதை வெட்டுகிறோம்?

கேள்வி: வணக்கம் ஐயா. நான் கோவையில் பிறந்து மேலூருக்கு வாக்கப்பட்டு வந்தவள். பக்கத்து வீட்டு அக்காவோடு வாசலில் ஐந்து நிமிடம் நின்றால் போதும், "என்ன அங்க புறணி?" என்று அத்தை உள்ளேயிருந்து குரல் கொடுக்கிறார். நாங்கள் பேசுவது சேலையும் சாம்பாரும்தான். சும்மா வெட்டிப் பேச்சு. புறணியும் அதுவும் ஒன்றா? அப்புறம், வெட்டிப் பேச்சில் எதைத்தான் வெட்டுகிறோம்?
– ஒரு வாசகி, மேலூர்

பதில்: எதையும் வெட்டவில்லை, தாயி. அந்த 'வெட்டி' வேறு. கூலி கொடுக்காமல் வாங்குகிற கட்டாய வேலைக்குப் பழைய பெயர் அது. சோழர் காலக் கல்வெட்டுகளில் ஊரார் தலையில் விழுந்த வரிகளோடு வரியாக 'வெட்டி' அடிக்கடி வரும். உழைத்தும் கைக்கு ஒன்றும் வராது என்பதால், பயனற்றது என்ற பொருளும் அந்தச் சொல்லோடு ஒட்டிக்கொண்டது. வெட்டி வேலை, வெட்டிச் செலவு, வெட்டிப் பயல், வெட்டிப் பேச்சு எல்லாம் அந்த வழிதான். (எங்கள் தெரு டீக்கடை பெஞ்சில் காலை ஆறு மணிக்கே நான்கும் கிடைக்கும். நானும் அங்கேதான் இருப்பேன்.)

புறணி வேறு சாதி. சொல்லுக்குள்ளேயே 'புறம்' உட்கார்ந்திருக்கிறது பாருங்கள். ஆள் இல்லாத இடத்தில் அவரைப் பற்றிக் குறை பேசுவது. எங்கள் வாயில் அது 'பொரணி'. வள்ளுவரும் இரண்டையும் கலக்கவில்லை. 19-ஆம் அதிகாரம் புறங்கூறாமை, 20-ஆவது பயனில சொல்லாமை. என்ன, வெட்டிப் பேச்சுக்காரனையும் அவர் விடுவதாயில்லை. 196-ஆம் குறளில் 'மக்கட் பதடி' என்று விட்டார். பதடி என்றால் பதர். டீக்கடை பெஞ்சிலிருந்து பார்த்தால் அது கொஞ்சம் அதிகம்தான்.

பதர் என்றதும் எங்கள் அப்பத்தா ஞாபகம் வருகிறது. சோழவந்தான் பக்கம் களத்துமேட்டில், சொளகைக் கையில் வைத்துக்கொண்டு காற்றுக்காகக் காத்து நிற்கும். அதுவரை பெண்கள் பேசுவதெல்லாம் வெட்டிப் பேச்சு; அப்பத்தாதான் அதில் முதல் ஆள். ஆனால் அன்றைக்கு வேலைக்கு வராத ஒருத்தியின் பேரை யாராவது எடுத்துவிட்டால், "நெல்லைத் தூத்துங்கடி, ஊரைத் தூத்தாதீங்க" என்று ஒரு அதட்டல். தமிழில் இரண்டுக்கும் தூற்றுதல் என்ற ஒரே சொல்தான். பள்ளிக்கூடம் போகாத அப்பத்தாவுக்கு அது தெரிந்திருந்தது.

சரி, உங்கள் வழக்குக்கு வருவோம். சேலை புறணி ஆகாது. சாம்பார்தான் இடிக்கிறது. யார் வைத்த சாம்பார் என்று நீங்கள் எழுதவில்லையே. அத்தை வைத்தது என்றால், தாயி, அது புறணிதான்.