ஆலை ரக மரவள்ளியைத் தினமும் சாப்பிடலாமா?

கேள்வி: வேலூர் மாவட்டம் ஒடுகத்தூர் பக்கம் அரை ஏக்கரில் மரவள்ளி வைத்திருக்கிறேன். சேலத்து உறவினர் கொடுத்த கரணை (நடும் குச்சி); ஜவ்வரிசி ஆலைக்குப் போகும் ரகமாம். இந்த ஆண்டு மழை ஏமாற்றிவிட்டது. பிஜி போன்ற தீவுகளில் இதுதான் அன்றாடச் சாப்பாடு என்கிறார்கள். நாங்களும் தினமும் அவித்துச் சாப்பிடலாமா? தழையை ஆடுகளுக்குப் போடலாமா?

பதில்: முதலில் ஆடுகளைக் கொல்லைப் பக்கம் விடாமல் கட்டிவிடுங்கள், அம்மா. பச்சைத் தழையில் சயனைடாக மாறும் பொருள் கிழங்கின் சதையில் இருப்பதைவிடப் பல மடங்கு அதிகம். பசியோடு வயிறு முட்டத் தின்ற ஆடு மூச்சுத் திணறி விழுந்தால், கால்நடை மருத்துவர் வந்து சேரும்வரை தாங்குவது அரிது. தழையை நறுக்கி, வெயிலில் நன்றாக உலர்த்தி, மற்ற தீவனத்தோடு கொஞ்சமாகக் கலந்தால் போதும்.

தீவு மக்கள் சாப்பிடுவது உண்மைதான். ஆனால் அவர்களைக் காப்பது கைப்பக்குவம். பிஜியில் பெரும்பாலும் நஞ்சு குறைந்த ரகங்களை வைத்து, தோல் சீவி அவிக்கிறார்கள். கரீபியன் கடலில் டொமினிக்கா தீவின் கலினாகோ மக்கள் நஞ்சு மிகுந்த கசப்பு ரகக் கிழங்கைத் துருவி, சாற்றைப் பிழிந்து எடுத்துவிட்டு, மாவை ரொட்டியாகச் சுடுகிறார்கள். துருவுவதில்தான் சூட்சுமம் இருக்கிறது. கிழங்கில் லினமரின் என்ற பொருளும் அதைச் சிதைக்கும் நொதியும் தனித்தனியே இருக்கின்றன. திசு கிழிந்ததும் இரண்டும் கலந்து ஹைட்ரஜன் சயனைடு வெளிவருகிறது. அதன் கொதிநிலை 26 டிகிரி செல்சியஸ்தான். வேலூர் வெயிலில் தானே ஆவியாகிவிடும். பெரிய துண்டுகளை நேரே கொதிநீரில் போட்டால் நொதி செத்துவிடும், லினமரினில் பெரும்பகுதி கிழங்கிலேயே தங்கிவிடும்.

கூடவே அந்தத் தீவு மக்களுக்கு மீன் உண்டு. உடம்புக்குள் போன கொஞ்சநஞ்ச சயனைடை முறிக்கக் கந்தகம் உள்ள புரதம் வேண்டும். மீன் அதைத் தருகிறது. 1981இல் மொசாம்பிக்கில் வறட்சி வந்தபோது வேறு உணவு இல்லாமல், சரியாகப் பதப்படுத்தாத கசப்பு மரவள்ளியையே நம்பியிருந்த ஆயிரத்துக்கும் மேற்பட்டோருக்குக் கால்கள் முடங்கின. பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். வறட்சியில் கிழங்கிலும் நஞ்சு கூடும். மழை பொய்த்தது என்று நீங்கள் எழுதியதைப் படித்ததும் எனக்கு அந்த நினைவுதான் வந்தது.

ஆகவே இந்த விளைச்சலை ஆலைக்கே அனுப்பிவிடுங்கள். வீட்டுக்கு ஒரு பாத்தி மட்டும், ஸ்ரீ விஜயா, ஸ்ரீ ஜெயா போன்ற சமையல் ரகம் வையுங்கள். ஆறேழு மாதத்தில் வெட்டலாம். திருவனந்தபுரம் ஸ்ரீகாரியத்தில் உள்ள மத்திய கிழங்குப் பயிர்கள் ஆராய்ச்சி நிறுவனம் வெளியிட்ட ரகங்கள் இவை. அதையும் வாரம் ஓரிரு நாள் சாப்பிட்டால் போதும். மேல்தோலோடு உள்தோலையும் தடிமனாகச் சீவி, மெல்லியதாக நறுக்கி, தண்ணீரில் ஊறவைத்து, அந்த நீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீரில் திறந்த பாத்திரத்தில் வேகவையுங்கள். வெந்த நீரையும் வடித்துவிடுங்கள். பருப்போ முட்டையோ கருவாடோ கட்டாயம் பக்கத்தில் இருக்கட்டும். கசந்தால் துப்பிவிடுங்கள்; கசக்காததெல்லாம் நல்லது என்றும் நம்பிவிடாதீர்கள்.

பிடுங்கிய கிழங்கு இரண்டு மூன்று நாளில் கருநீலக் கோடு விழுந்து கெட்டுவிடும். அன்றைக்கு வேண்டியதை மட்டும் தோண்டுங்கள். சீவிய தோலையும் ஊறவைத்த நீரையும் ஆடு வாய் வைக்க முடியாத குழியில் போட்டு மூடுங்கள்.