இரவு 9.30-க்கு மின்சாரம் துண்டிக்கப்படுமா?

கேள்வி: நான் துபாயில் வேலை செய்கிறேன். குலசேகரம் அருகே பெற்றோர் தனியாக இருக்கிறார்கள். ‘மின் கட்டணம் செலுத்தப்படவில்லை, இன்று இரவு 9.30-க்கு இணைப்பு துண்டிக்கப்படும். உடனே இந்த அதிகாரியை அழைக்கவும்’ என்று அப்பாவுக்குக் குறுஞ்செய்தி வந்தது. அழைத்தபோது ஏதோ செயலியை இறக்கச் சொன்னார்களாம். அப்பா போனை வைத்துவிட்டார். இனி ஆபத்து உண்டா?

பதில்: பேசியதனால் மட்டும் பணம் போகாது. செயலியை இறக்கவில்லை, ஓடிபி, பின் எதையும் சொல்லவில்லை என்றால் கணக்கு பத்திரமாகவே இருக்கிறது. ஆனால் அழைத்தால் எடுக்கிற எண் இது என்று அவர்களுக்குத் தெரிந்துவிட்டது. அடுத்த முறை வங்கி கேஒய்சி, போக்குவரத்து அபராதம், கூரியர் என்று வேறு பெயரில் வருவார்கள்.

அந்தச் செய்தியில் 9.30 என்ற நேரத்தைப் பாருங்கள். அலுவலகம் பூட்டியிருக்கும், நேரில் போய் விசாரிக்க முடியாது, இரவெல்லாம் இருட்டில் கிடக்க வேண்டுமே என்ற பதற்றம் மட்டும் மிஞ்சும். வயதானவர்களை யோசிக்க விடாமல் செய்யத்தான் இந்தக் கெடு. வீட்டு மின் கட்டணத்துக்குக் கணக்கெடுத்த நாளிலிருந்து 20 நாள் அவகாசம் உண்டு. ஒரே மாலையில் எதுவும் முடிந்துவிடாது. சந்தேகம் வந்தால் செய்தியில் உள்ள எண்ணைத் தொடவே வேண்டாம். மின்வாரியத்தின் ‘மின்னகம்’ நுகர்வோர் சேவை மையம் (94987 94987) இரவிலும் இயங்குகிறது. மின் இணைப்பு எண்ணைச் சொல்லி அங்கே கேட்கட்டும்.

அனுப்பியவர் யார் என்பதும் பார்க்கத்தக்கது. அரசும் வங்கிகளும் பத்து இலக்கக் கைபேசி எண்ணிலிருந்து இப்படிக் குறுஞ்செய்தி அனுப்புவதில்லை. பதிவு செய்த எழுத்துப் பெயர்தான் தெரியும். 2025 முதல் அதன் இறுதியில் அரசுக்கு ‘ஜி’, சேவைக்கு ‘எஸ்’, பரிவர்த்தனைக்கு ‘டி’, விளம்பரத்துக்கு ‘பி’ சேர்கிறது. அப்பாவுக்கு இத்தனையும் நினைவிருக்காது. அவசரப்படுத்தினால் அது மோசடி என்று மட்டும் சொல்லிவையுங்கள், போதும்.

பதில் அனுப்ப வேண்டாம், கோபத்தில் திட்டவும் வேண்டாம். அழிக்கும் முன் ஸ்கிரீன்ஷாட் எடுத்து, மத்திய தொலைத்தொடர்புத் துறையின் ‘சஞ்சார் சாத்தி’ இணையதளத்தில் மோசடி அழைப்பு, செய்திகளைப் புகார் செய்யும் ‘சக்ஷு’ பகுதியில் புகார் செய்துவிட்டு எண்ணைத் தடை செய்யுங்கள்.

ஒருவேளை செயலி இறங்கியிருந்தால் கதை வேறு. அது உள்ளே அமர்ந்து, வருகிற ஓடிபி-யைப் படித்து அவர்களுக்கு அனுப்பக்கூடியது. சில செயலிகள் திரையையே காட்டிக்கொடுக்கும். உடனே விமானப் பயன்முறைக்கு மாற்றிவிட்டு, அம்மாவின் போனிலிருந்து வங்கியை அழைத்துக் கணக்கை முடக்கச் சொல்ல வேண்டும். பணம் போயிருந்தால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-ஐ அழைக்க வேண்டும். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்கு மாறுவதற்குள் தடுக்க முடிகிற நேரம் அதுதான். உங்களுக்குச் சொல்லி, நீங்கள் துபாயிலிருந்து அழைத்து என்று நேரம் போக வேண்டாம். பக்கத்து வீட்டுக்காரர் அழைத்தாலும் சரி. பிறகு பரிவர்த்தனை எண், வங்கிக் கணக்கு விவரம், ஸ்கிரீன்ஷாட், 1930-இல் தந்த புகார் எண் ஆகியவற்றுடன் நாகர்கோவிலில் உள்ள மாவட்ட சைபர் க்ரைம் காவல் நிலையத்துக்கு அப்பா போகலாம்.