தாத்தாவின் போர்க்காலப் பெட்டி: மெடலைத் துலக்குவதற்கு முன்னால்

ஒரு வாசகரின் கேள்வி இது: “என் தாத்தா இரண்டாம் உலகப்போரில் சிப்பாயாக இருந்தவர். அவருடைய டிரங்குப் பெட்டியைப் பல வருடங்கள் கழித்துப் பரணிலிருந்து இறக்கினோம். உள்ளே நான்கு மெடல்கள், கம்பளிச் சீருடை, தோல் பெல்ட், சம்பளப் புத்தகம், ஒரு கட்டுக் கடிதங்கள், திசைகாட்டி, வாயு முகமூடி, பித்தளையில் ஒரு பீரங்கிக் குண்டின் உறை, அடியில் மூன்று தோட்டாக்கள். எல்லாம் கறுத்துப்போய்க் கிடக்கின்றன. நன்றாகத் துலக்கி ஏதாவது அருங்காட்சியகத்துக்குக் கொடுக்கலாம் என்று நினைக்கிறோம். எதைப் போட்டுத் துலக்குவது? அவர்கள் வாங்கிக்கொள்வார்களா?”

துலக்கவே துலக்காதீர்கள். இந்த ஒரு வரிக்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். ஆனால் அதைவிட அவசரமான விஷயம் ஒன்று இருக்கிறது, அந்த மூன்று தோட்டாக்கள்.

அவற்றைக் குலுக்கிப் பார்க்க வேண்டாம், இடுக்கியால் திறக்க வேண்டாம், பையில் போட்டுக்கொண்டு எங்கும் கிளம்பவும் வேண்டாம். இருக்கிற இடத்திலேயே விட்டுவிட்டு, பிள்ளைகளை அந்த அறைக்குள் விடாமல், காவல்துறைக்குப் போன் செய்யுங்கள், அவர்களே ஆள் அனுப்புவார்கள். அடியில் ஊசி குத்திய பள்ளம் தெரிந்தால் வெடித்து முடிந்த தோட்டா என்று சிலர் சொல்வார்கள். அதை நம்பிக் கையில் எடுக்காதீர்கள், ஊசி குத்தியும் வெடிக்காமல் நின்றுபோன தோட்டாக்கள் நிறைய உண்டு. பித்தளை உறையும் அப்படித்தான். மேலே திறந்து, உள்ளே காலியாக இருந்தாலும், அடியில் இருக்கும் பற்றவைப்பு மூடி உயிரோடு இருக்கலாம், அதனால் அதையும் அவர்களிடம் காட்டிவிடுங்கள். பழையதாகிவிட்டதால் வீரியம் போயிருக்கும் என்ற கணக்கு வெடிமருந்துக்குப் பொருந்தாது. பிரான்சிலும் பெல்ஜியத்திலும் முதல் உலகப்போரில் விழுந்து வெடிக்காமல் புதைந்த குண்டுகளை விவசாயிகள் இன்றைக்கும் ஒவ்வொரு வருடமும் உழும்போது கிளறி எடுக்கிறார்கள், அவற்றால் இன்றும் உயிர் போகிறது. சில பொருட்கள் வயதாக ஆக இன்னும் முரண்டு பிடிக்கும்: அந்தக் காலத்துக் குண்டுகள் சிலவற்றில் இருந்த பிக்ரிக் அமிலம் உலோகத்தோடு சேர்ந்து, லேசான உரசலுக்கே வெடிக்கும் உப்பாக மாறக்கூடியது.

அடுத்து வாயு முகமூடி. பார்த்தவுடன் மாட்டிப் பார்க்கத் தோன்றும், பிள்ளைகள் என்றால் கேட்கவே வேண்டாம். மாட்டாதீர்கள். அந்தக் காலத்து முகமூடிகள் பலவற்றின் வடிகட்டியில் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) இருக்கிறது, மூச்சை இழுத்தால் அந்த இழை நேராக நுரையீரலுக்குப் போகும். இரண்டு பிளாஸ்டிக் பைகளுக்குள் வைத்து மூடி, வெளியே ‘திறக்க வேண்டாம், கல்நார் இருக்கலாம்’ என்று எழுதி ஒட்டுங்கள். திசைகாட்டியில் முள்ளும் எழுத்தும் வெண்மஞ்சளாகவோ பழுப்பாகவோ தடித்த பூச்சோடு இருந்தால் அது கதிர்வீச்சை வெளிவிடும் ரேடியம் பூச்சாக இருக்கலாம். இருட்டில் ஒளிரவில்லையே, தீர்ந்துபோயிருக்கும் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். ஒளியைக் கொடுத்த துத்தநாக சல்பைடுதான் தேய்ந்துபோனது, ரேடியத்தின் வீரியம் பாதியாகவே சுமார் 1600 வருடம் ஆகும். கண்ணாடி உடையாமல் மூடியே இருந்தால் பெரிய ஆபத்து இல்லை. திறக்காமல், எல்லோரும் படுத்துத் தூங்கும் அறையில் வைக்காமல் இருந்தால் போதும். இந்த இரண்டையும் அருங்காட்சியகத்துக்கு எழுதும்போது முதல் வரியிலேயே சொல்லிவிடுங்கள்.

சரி, இப்போது மெடலுக்கு வருவோம்.

மெடல் கறுத்திருப்பது அழுக்கினால் அல்ல. காற்றில் இருக்கும் கந்தகம் உலோகத்தின் மேல் படிந்து உண்டாக்கிய மெல்லிய படலம் அது. உங்கள் பெட்டியில் அந்தக் கந்தகம் எங்கிருந்து வந்தது என்பதும் தெரிகிறது: முகமூடியின் ரப்பரும் கம்பளித் துணியும் கந்தகச் சேர்மங்களை மெல்ல மெல்ல வெளிவிடுபவை, அவற்றோடு மெடல்களை ஒரே பெட்டிக்குள் அடைத்து வைத்தால் கறுக்காமல் என்ன செய்யும்? பாலிஷ் போட்டுத் தேய்த்தால் அந்தப் படலத்தோடு அதன் கீழே இருக்கும் உலோகமும் சேர்ந்துதான் போகும். ஒருமுறை தேய்த்தால் கண்ணுக்குத் தெரியாது. வருடத்துக்கு ஒருமுறை என்று இருபது முப்பது வருடம் தேய்த்த மெடல்களைக் கையில் வைத்துப் பார்த்திருக்கிறேன், அரசரின் முகத்தில் மூக்கும் புருவமும் மழுங்கி, ஆற்றில் கிடந்த கூழாங்கல் மாதிரி இருக்கும்.

அதைவிடப் பெரிய நஷ்டம் விளிம்பில். மெடலைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே செங்குத்தாகப் பிடித்து, பக்கவாட்டிலிருந்து டார்ச் அடித்து மெதுவாகச் சுழற்றிப் பாருங்கள். சில மெடல்களின் விளிம்பில் ஒரு எண், பதவி, பெயர், படைப்பிரிவு எல்லாம் ஒரு மில்லிமீட்டர் இரண்டு மில்லிமீட்டர் உயர எழுத்துகளில் அச்சாகியிருக்கும். முதல் உலகப்போரின் பிரிட்டிஷ் மெடல்கள் இப்படிப் பெயரோடுதான் கொடுக்கப்பட்டன. இரண்டாம் உலகப்போரில் பிரிட்டிஷ் வீரர்களுக்குப் பொதுவாகப் பெயர் பொறிக்காமலேயே கொடுத்தார்கள், இந்திய, ஆஸ்திரேலிய, தென்னாப்பிரிக்க வீரர்களுடையவற்றில் பெயர் பொறித்தார்கள். நட்சத்திர வடிவ மெடலாக இருந்தால் பின்பக்கம் பாருங்கள். அந்த எண் கிடைத்துவிட்டால் ஆவணக் காப்பகத்தில் அவருடைய பணிப் பதிவைத் தேட வழி பிறக்கும். அதைத் தேய்த்து அழித்துவிட்டால், ஆயிரக்கணக்கில் அச்சடித்துக் கொடுத்த ஒரு மெடலில் இன்னொரு பிரதி மட்டும்தான் மிச்சம்.

கறை, கிழிசல், சேறு எதற்கும் இதே பேச்சுதான். லண்டன் கிரீனிச்சில் இருக்கும் தேசியக் கடல்சார் அருங்காட்சியகத்தில், 1805 அக்டோபர் 21 அன்று டிரஃபால்கர் போரில் பிரிட்டிஷ் கடற்படைத் தளபதி நெல்சன் அணிந்திருந்த கோட்டு இருக்கிறது. இடது தோளில் குண்டு துளைத்த ஓட்டை அப்படியே தெரியும். கோட்டிலும் இரத்தக்கறை இருக்கிறது, அதில் ஒரு பகுதி, அதே போரில் அவருக்கு முன்பே குண்டடிபட்டு இறந்த அவருடைய செயலாளர் ஜான் ஸ்காட்டினுடையதாக இருக்கும் என்கிறார்கள். யாராவது அன்றைக்கே நல்லெண்ணத்தோடு துவைத்து, ஓட்டையை இழை தெரியாமல் தைத்துக் கொடுத்திருந்தால்? ஒரு கடற்படை அதிகாரியின் பழைய நீலக் கோட்டு மட்டும்தான் நமக்குக் கிடைத்திருக்கும். உங்கள் தாத்தாவின் சட்டையில் முழங்கையில் ஒட்டுப்போட்ட இடம், காலரில் வியர்வை படிந்த கோடு, ஏதோ ஒரு ஊரின் செம்மண், எல்லாமே அவர் எழுதாமல் விட்ட டைரிதான். துவைத்தால் இன்னொரு கஷ்டமும் உண்டு, மெடல் ரிப்பனின் சாயமும் கைப்பட்டியின் சாயமும் ஒன்றோடொன்று கலந்து ஊறிவிடும்.

அப்புறம், சட்டைப் பையைத் துழாவிப் பாருங்கள், அவசரமில்லாமல், விரல் நுனியால். டிக்கெட்டோ மடித்த சீட்டோ பீடித்துண்டோ, எது கிடைத்தாலும் எந்தப் பையில் இருந்தது என்பதோடு போட்டோ எடுத்து எழுதி வையுங்கள்.

நீங்கள் செய்யக்கூடியது எல்லாவற்றையும் பிரித்து வைப்பதுதான். மெடல் தனி, ரப்பர் தனி, கம்பளி தனி, காகிதம் தனி. தோல் பெல்ட்டில் பித்தளைக் கொக்கி இருந்தால் அது தோலைத் தொடும் இடத்தில் மெழுகு மாதிரி பச்சையாகக் களிம்பு ஏறியிருக்கும். தோலில் இருக்கும் கொழுப்பு அமிலம் செம்போடு சேர்ந்து உண்டாவது அது. பிடுங்கி எடுக்கப் போராட வேண்டாம், இடையில் ஒரு பாலியெஸ்டர் தாளைச் செருகினால் மேலும் பரவுவது மட்டுப்படும். தோலுக்கு எண்ணெய் போடும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள், அந்தக் கொழுப்புதான் அடுத்த களிம்புக்குத் தீனி. பித்தளையில் மாவு மாதிரி உதிரும் இளம்பச்சைப் புள்ளிகள் தெரிந்தால் மட்டும் அது வேறு நோய், உப்பினால் வருவது, பரவக்கூடியது. அந்தப் பொருளைத் தனியாக எடுத்து சிலிகா ஜெல் பொட்டலத்தோடு மூடிய டப்பாவில் போட்டு, உலோகப் பாதுகாப்பு தெரிந்தவரிடம் காட்டுங்கள்.

கடையில் மெடல் வைக்க விற்கும் வளவளப்பான பிளாஸ்டிக் உறைகளில் பல பிவிசி, வருடக்கணக்கில் அது கசிந்து உலோகத்தையும் ரிப்பனையும் பிசுபிசுப்பாக்கும். அமிலமில்லாத டிஷ்யூ தாளில் பொதிந்து அட்டைப்பெட்டியில் வைப்பதே மேல். கம்பளியில் அந்துப்பூச்சி இருந்தால் பாச்சை உருண்டை போடாதீர்கள். அதன் ஆவி மூச்சுக்கும் கெடுதல், சில பிளாஸ்டிக் பொத்தான்களையும் இளக்கிவிடும். மெடல், பேட்ஜ் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, துணியை பாலித்தீன் பையில் காற்றுப் போகக் கட்டி, மைனஸ் 18 டிகிரி அல்லது அதற்கும் கீழே போகும் உறைபெட்டியில் இரண்டு வாரம் வையுங்கள். வெளியே எடுத்ததும் பையை உடனே பிரிக்கக் கூடாது, அறைச் சூட்டுக்கு வர ஒருநாள் விடுங்கள், இல்லையென்றால் துணிமேல் நீர் கோத்துக்கொள்ளும். திரும்பப் பரணில் போட வேண்டாம். வெயில் நேரடியாகப் படாத, ஆட்கள் புழங்கும் அறையின் அலமாரி போதும்.

காகிதங்களைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் எல்லோரும் மெடலுக்குக் கொடுக்கும் மரியாதையில் பாதிகூட இவற்றுக்குக் கொடுப்பதில்லை. அருங்காட்சியகத்தில் பெட்டியைத் திறக்கிறவர் முதலில் கை வைப்பது பெரும்பாலும் அந்தச் சம்பளப் புத்தகத்தில்தான். எண், சேர்ந்த தேதி, பயிற்சி, தடுப்பூசி போட்ட தேதிகள், யாருக்குத் தகவல் சொல்ல வேண்டும் என்ற பெயர், எல்லாம் அதில் இருக்கும். பிரிட்டிஷ் ராணுவத்தின் புத்தகங்களில் உயில் எழுதுவதற்கென்றே ஒரு பக்கம் இருந்தது. இருபது வயதுப் பையன் ஒருவன் அந்தப் பக்கத்தில் அம்மாவின் பெயரை எழுதியிருப்பதைப் படித்தவர்களுக்குத் தெரியும், எந்த மெடலும் அதற்கு ஈடாகாது.

கடிதங்களில் ஊதா நிறத்தில் எழுத்து ஊறியிருக்கிறதா பாருங்கள். அது அந்தக் காலத்துக் காப்பியிங் பென்சில், காய்ந்திருக்கும்வரை சாதாரணப் பென்சில் மாதிரி சாம்பல் நிறமாக இருக்கும், ஈரம் பட்டால் ஊதாவாகக் கரைந்து ஓடும். ஆகவே ஈரத்துணி பக்கத்திலேயே வரக் கூடாது. கடிதத்தை எடுத்துக்கொண்டு உறையை வீசுவதும், தபால்தலைக்காக மூலையை வெட்டுவதும் நான் திரும்பத் திரும்பப் பார்க்கும் கொடுமை. எங்கே இருக்கிறேன் என்று எழுதச் சிப்பாய்க்கு அனுமதி கிடையாது, கடிதத்தைத் தணிக்கை செய்துதான் அனுப்பினார்கள். ஆனால் உறையில் இருக்கும் களத் தபால் நிலைய முத்திரையின் எண்ணையும் தேதியையும் வைத்து, அந்த நாளில் அந்தத் தபால் நிலையம் எங்கே இருந்தது என்பதை ஆய்வாளர்களால் கண்டுபிடிக்க முடியும். உறைதான் அவர் எங்கே இருந்தார் என்று சொல்லும். லேமினேஷன் வேண்டாம், செலோ டேப் வேண்டாம், துருப்பிடித்த குண்டூசியும் கிளிப்பும் இருந்தால் பொறுமையாக அகற்றி, விரித்து, ஸ்கேன் செய்து, தட்டையாக வையுங்கள். சட்டம் போட்டு மாட்ட ஆசையாக இருந்தால் ஸ்கேன் பிரதியை மாட்டுங்கள்.

இனி எழுத வேண்டியது. 1917இல் ஆஸ்திரேலியப் படை, போர் நடந்துகொண்டிருக்கும்போதே ஒரு போர் ஆவணப் பிரிவைத் தொடங்கியது. களத்தில் கிடைத்த பொருட்களைச் சிப்பாய்களே சேகரித்து, எங்கே, எப்போது, எந்தப் பிரிவு எடுத்தது என்று சீட்டுக் கட்டி அனுப்பினார்கள். கான்பெர்ராவில் 1941இல் திறந்த ஆஸ்திரேலியப் போர் நினைவகத்தின் சேகரிப்புக்கு அடித்தளம் போட்டது அந்தச் சீட்டுக் கட்டிய பொருட்கள்தான். அந்தச் சீட்டைத்தான் இப்போது நீங்கள் கட்ட வேண்டும். குடும்பத்தில் தாத்தா சொல்லக் கேட்டவர்கள், உங்கள் பெரியப்பாவோ அத்தையோ இருந்தால், ஒவ்வொரு பொருளாக அவர்கள் முன்னால் வைத்து, போனில் பதிவை ஓடவிட்டுப் பேசச் சொல்லுங்கள். ‘தாத்தாவே சொன்னது’, ‘அத்தை கேள்விப்பட்டது’, ‘நாங்கள் ஊகிப்பது’ என்று மூன்றையும் தனித்தனியாகக் குறியுங்கள், கலந்து எழுதினால் பிறகு யாராலும் பிரிக்க முடியாது. எதிரி வீரர் ஒருவரிடமிருந்து எடுத்த பொருள் என்று ஏதாவது இருந்தால் அதையும் மறைக்காமல் எழுதுங்கள், அப்படிப்பட்ட கொடியும் கடிதமும் அந்த வீரரின் குடும்பத்துக்கே திரும்பப் போய்ச் சேர்ந்தது உண்டு. போட்டோக்களின் பின்னால் பேனா வேண்டாம், மென்மையான பென்சிலால் ஓரத்தில் எழுதினால் போதும்.

வாங்கிக்கொள்வார்களா என்று கேட்டீர்கள். மெடல்கள் மட்டும் என்றால் சந்தேகம்தான், அதே மெடல் அவர்களிடம் ஏற்கெனவே பல இருக்கும். ஒரே மனிதருடைய மெடல், சம்பளப் புத்தகம், உறையோடு கடிதங்கள், ஒட்டுப்போட்ட சட்டை, கூடவே குடும்பத்தின் பதிவு, இப்படி முழுத் தொகுப்பாக வந்தால் விருப்பத்தோடு பார்ப்பார்கள். அதனால் பேரன் பேத்திகள் ஆளுக்கொரு மெடலாகப் பங்கு போட்டுக்கொள்ளாதீர்கள். நினைவாக ஏதாவது வேண்டும் என்றால் நல்ல போட்டோவும் ஸ்கேன் பிரதியும் எல்லோரும் வைத்துக்கொள்ளலாம்.

பெட்டியோடு நேரில் போய் நிற்காதீர்கள், தபாலிலும் அனுப்பாதீர்கள். தாத்தாவின் பெயர், எண், படைப்பிரிவு, பொருட்களின் பட்டியல், ஐந்தாறு தெளிவான போட்டோ, இவற்றோடு காப்பாட்சியருக்கு ஒரு மின்னஞ்சல் போடுங்கள். பெரிய தேசிய அருங்காட்சியகத்தைவிட அவருடைய படைப்பிரிவுக்கென்று அருங்காட்சியகம் இருந்தால் அதற்கு முதலில் எழுதுங்கள். ஏற்றுக்கொண்டால் நன்கொடைப் பத்திரம் ஒன்றில் கையெழுத்துக் கேட்பார்கள், அதில் உரிமை அவர்களுக்கு முழுதாகப் போய்விடும்; குடும்பத்தில் எல்லோருக்கும் சம்மதமா என்று அதற்கு முன்பே பேசி முடித்துக்கொள்ளுங்கள். எப்போதும் காட்சிக்கு வைப்போம் என்று எந்த நல்ல அருங்காட்சியகமும் எழுதிக் கொடுக்காது, பெரும்பாலான பொருட்கள் கிடங்கில்தான் இருக்கும், அது அவமரியாதை அல்ல, வெளிச்சம் படாமல் இருப்பதே துணிக்கும் காகிதத்துக்கும் ஆயுள். நீங்கள் கேட்க வேண்டியவை வேறு: பதிவு எண் எங்களுக்குத் தருவீர்களா, கடிதங்களின் ஸ்கேன் கிடைக்குமா, முன்கூட்டிச் சொல்லிவிட்டு வந்தால் குடும்பத்தினர் பார்க்கலாமா, பிற்காலத்தில் உங்களுக்கு வேண்டாம் என்றால் எங்களுக்குத் தகவல் சொல்வீர்களா? பதில்களை எழுத்தில் வாங்கி, அந்தப் பதிவு எண்ணை உங்கள் வீட்டு ஆல்பத்தில் தாத்தாவின் போட்டோவுக்குப் பின்னால் பென்சிலால் குறித்து வையுங்கள்.